கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட கல்யாணப் படம்: வீட்டிலேயே பிரேம் போட வழி உண்டா?

சாரல்மழை (தென்காசி):

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா ஆச்சியின் கல்யாணப் படம் ஒன்று எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தொங்குகிறது. 1958-இல் ஸ்டுடியோவில் எடுத்தது. கருப்பு வெள்ளை, 10×12 அளவு. போன ஐப்பசி அடைமழையில் அந்தச் சுவர் முழுக்க ஓதம் ஏறிவிட்டது. வெள்ளையடிப்பதற்காகப் படத்தை இறக்கியபோதுதான் கவனித்தேன். ஆச்சியின் தோள் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் படம் கண்ணாடியோடு ஒட்டி, அந்த இடம் மட்டும் ஈரமானதுபோல் மினுங்குகிறது. பின்னால் வைத்திருந்த அட்டை செங்கல் நிறத்துக்குப் போய், தொட்டால் உதிர்கிறது. உள்ளே இருந்து இரண்டு ராமபாணப் பூச்சிகள் ஓடின.

நெகட்டிவ் கிடையாது. படம் எடுத்த ஸ்டுடியோவும் இப்போது இல்லை. இங்கே ஒரு கடையில் கேட்டதற்கு, ‘உரித்து எடுத்து லேமினேஷன் போட்டுவிடலாம், காலத்துக்கும் கெடாது’ என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. டிரங்குப் பெட்டியில் இன்னும் நான்கு பழைய படங்கள் சும்மா கிடக்கின்றன. அவற்றையாவது நானே ஒழுங்காகப் பிரேம் போட நினைக்கிறேன். கை வேலை வரும், பொறுமையும் உண்டு. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

இருட்டறை:

உரிக்க மட்டும் வேண்டாம் அம்மா. ஒரு ஓரத்தைக்கூடத் தூக்கிப் பார்க்காதீர்கள்.

நான் 40 வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். அந்தக் காலத்துக் கருப்பு வெள்ளைப் படத்தில் உருவம் என்பது ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கும் வெள்ளித் துகள்தான். ஜெலட்டின், எலும்பும் தோலும் கொதிக்கவைத்து எடுக்கிற பொருள். காற்றில் ஈரம் ஏறினால் அது ஊதி இளகும். எதிரே கண்ணாடி நேராக அழுத்திக்கொண்டிருந்தால் அதோடு ஒட்டி, வெயில் வந்ததும் அப்படியே இறுகிவிடும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இது நடந்திருக்கும். இப்போது இழுத்தால் தாள் உங்கள் கைக்கு வரும், ஆச்சியின் தோள் கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். சில படங்களில் அது நடக்கும் என்பதும் உண்மை. ஆனால் 50-களில் கல்யாணப் படம் என்றால் பெரும்பாலும் கையால் டச்சப் செய்வோம். உதட்டுக்கும் பூவுக்கும் லேசாகச் சாயம் தீட்டுவதும் உண்டு. தண்ணீர் பட்டால் அது கரைந்து ஓடும். பூஞ்சை தின்ற ஜெலட்டின் என்றால் படமே கரைந்துவிடும். இதெல்லாம் பழம்படங்களைச் சீர்செய்யப் படித்தவர்கள் கையில் விடவேண்டிய வேலை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது, கண்ணாடியோடு சேர்த்தே நல்ல நகல் எடுப்பது. பின்னட்டை உதிர்கிறது என்பதால் படத்தைக் கவிழ்க்கவோ நிமிர்த்தி ஆட்டவோ வேண்டாம். தாழ்வாரத்தில் வெயில் நேராகப் படாத இடத்தில் மேசை மேல் வையுங்கள். கண்ணாடியின் மேல்பக்கத்தை மட்டும் காய்ந்த துணியால் துடையுங்கள். ஒரு கருப்புத் துணியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, அதற்குப் பின்னாலிருந்து கேமராவை நேர் மேலே வைத்து எடுங்கள். கண்ணாடியில் உங்கள் நிழலோ கூரையோ பிரதிபலிக்காமல் இருக்க அந்தத் துணிதான் காவல். ஸ்கேனர் வேண்டாம். வீட்டில் இருக்கும் மெலிசான ஸ்கேனர்கள் பலவும் தன் மேல் ஒட்டிப் படுத்திருக்கும் தாளைத்தான் தெளிவாகப் பிடிக்கும். நடுவே 2 மி.மீ. கண்ணாடி வந்தால் படம் மங்கிவிடும்.

மரச்சட்டம் (மதுரை):

ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கவேண்டும். நான் 32 வருஷமாகப் பிரேம் கடையில் இருக்கிறேன். எங்கள் தொழிலில் கண்ணாடி, படம், ஹார்டுபோர்டு மூன்றையும் இறுக்கிப் பின் ஆணி அடிப்பதுதான் வழக்கம். இறுக்கம் இருந்தால்தான் தூசியும் பூச்சியும் போகாது என்று என் முதலாளி சொல்லிக்கொடுத்தார். சாமி படங்களை ஆயிரக்கணக்கில் அப்படித்தான் போட்டிருக்கிறோம். ஒன்றும் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்ததில்லையே?

இருட்டறை:

சாமி படம் அச்சகத்தில் மை வைத்து அடித்தது தம்பி, அதில் ஜெலட்டின் கிடையாது. அதனால் பெரும்பாலும் தப்பித்துவிடும். போட்டோ அப்படியில்லை. உங்கள் கடையில் திரும்பி வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒட்டிப்போவதற்கு 20, 30 வருஷம்கூட ஆகலாம். அதற்குள் போட்டவர் ஒரு பக்கம், வைத்திருப்பவர் ஒரு பக்கம்.

மரச்சட்டம்:

சரிதான் ஐயா. இன்று கடையில் பழைய போட்டோ பிரேம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் இரண்டு விரல்கடை ஒட்டியிருந்தது. இத்தனை நாள் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

தங்கச்சிக்கு என்னால் ஆன ஒரு தகவல். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடவேண்டுமானால் பீடிங் (பிரேமின் சட்டம்) வாங்கும்போதே அதன் உள்பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள். கண்ணாடி 2 மி.மீ., மவுண்ட் அட்டை (படம் தெரிய நடுவில் ஜன்னல் வெட்டி, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே வைப்பது) ஒன்றரை, படம் உட்காரும் அட்டை ஒன்றரை, பின்பலகை 3. மொத்தம் 8 மி.மீ. ஆகிறது, அதற்கு மேல் ஆணிக்கும் கொஞ்சம் வேண்டும். மலிவான பைபர் பீடிங் பலதில் அவ்வளவு ஆழம் இருக்காது. வாங்கி வந்த பிறகு தெரிந்தால் அட்டையைக் குறைக்கத் தோன்றும், அப்புறம் பழைய கதைதான். 12 மி.மீ. ஆழம் கேட்டு வாங்குங்கள். சென்னைப் பக்கம் போனால் பாரிமுனை தேவராஜ முதலி தெருவில் வரிசையாகக் கண்ணாடி, பிரேம் கடைகள். நின்று பார்த்து வாங்கலாம்.

காகிதக்காரி (சென்னை):

நூல்கட்டும் காகிதச் சீரமைப்பும் என் தொழில். இடைவெளியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் அட்டையைப் பற்றிச் சொல்கிறேன். சாரல்மழை பார்த்த செங்கல் நிறம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மலிவான அட்டையில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும். நாள்பட நாள்பட அதிலிருந்து அமிலம் உண்டாகும். பழைய செய்தித்தாள் பழுத்துப்போவது இதனால்தான். அந்த அமிலம் அட்டையோடு நிற்காமல், தொட்டுக்கொண்டிருக்கும் படத்துக்கும் இறங்கும். ஹார்டுபோர்டும் பிளைவுட்டும் இதே வேலையைச் செய்யும். அதனால் படத்தைத் தொடும் அட்டைகள் இரண்டும் அமிலமற்றவையாக இருக்கவேண்டும். பருத்திக் கூழில் செய்தது கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. உறையில் ஐ.எஸ்.ஓ. 18916 என்று போட்டிருந்தால் போட்டோவுக்கென்றே சோதித்த பொருள் என்று அர்த்தம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகள் நிறைய. ஆனால் கடைக்காரர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் பி.எச். பேனா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தால் போதும். நான் வைத்திருக்கும் வகையில் கோடு ஊதாவாக நின்றால் நல்ல அட்டை, மஞ்சளானால் அமில அட்டை.

அடுத்தது ஒட்டுவது. படத்தின் முதுகில் எந்தப் பசையையும் பரப்பித் தடவாதீர்கள். பெவிகால், ரப்பர் கரைசல், செல்லோ டேப், இரட்டைப் பக்க டேப், ஒன்றும் கூடாது. செல்லோ டேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும். ரப்பர் கரைசலில் கந்தகம் இருக்கும், அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். நாளைக்கு ஒருவர் திரும்பக் கழற்ற நேர்ந்தால் படத்துக்கு நோகாமல் வரவேண்டும். நான் எந்த முறையையும் இதை வைத்துத்தான் எடை போடுவேன்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, மெல்லிய ஜப்பானியத் தாளில் இரண்டு சிறு துண்டுகளைக் கிழித்து (வெட்டக்கூடாது, கிழித்தால்தான் ஓரம் பஞ்சுபோல் மெலிந்து படத்தில் தடம் விழாது) படத்தின் மேல்விளிம்பில் மட்டும் மாவுப்பசையால் ஒட்டித் தொங்கவிடுவது. பசைக்கு மைதாவை அப்படியே காய்ச்சுவதைவிட, அல்வாவுக்குப் பால் எடுப்பதுபோல் செய்யுங்கள். தென்காசிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! மைதாவைப் பிசைந்து தண்ணீருக்குள் அலசினால் பால் இறங்கும். அதைத் தெளியவிட்டு மேல்தண்ணீரை வடித்தால் அடியில் நிற்பதுதான் ஸ்டார்ச். நான்கைந்து பங்கு தண்ணீர் விட்டுக் கிளறிக்கொண்டே காய்ச்சி, கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி வடிகட்டினால் பசை தயார். போஸ்டர் பசையில் போடுவதுபோல் துருசு போடாதீர்கள், அது தாமிர உப்பு.

இரண்டாவது வழி, மூலைப் பைகள். அமிலமற்ற தாளில் 1 அங்குல அகலம், 3 அங்குல நீளத்துக்குத் துண்டு வெட்டி, இரண்டு முனையையும் நடுவை நோக்கி மடித்தால் முக்கோணப் பை வரும். படத்தின் நான்கு மூலையையும் அதற்குள் செருகி, பையை மட்டும் அடி அட்டையில் ஒட்டவேண்டும். படத்தில் பசையே படாது. நம் ஊர் ஈரத்தில் ஸ்டார்ச் என்றால் ராமபாணம் தேடி வரும். அதனால் உங்கள் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கொள்ளிடக்கரை:

ஒரு சந்தேகம் அக்கா. மேல்விளிம்பில் மட்டும் ஒட்டினால் போதுமா? நான் நான்கு பக்கமும் ஒட்டினால்தான் படம் சுருங்காமல் நிற்கும் என்று நினைத்தேன். ஒட்டியும் விட்டேன், இப்போது நடுவில் அலை அலையாக நிற்கிறது.

காகிதக்காரி:

நான்கு பக்கமும் ஒட்டியதால்தான் அலை வந்தது தம்பி. ஈரத்தில் தாள் விரியும், வெயிலில் சுருங்கும். போக இடமில்லையென்றால் நடுவில் எழும்பும். அதனால்தான் மூலைப் பைக்குள்ளும் இறுக்கிச் செருகாமல் மயிரிழை இடம் விடச் சொல்வது.

நெல்லித்தோப்பு:

லேமினேஷன் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். அப்பாவின் ராணுவ உடைப் படம், எங்களிடம் இருந்த ஒரே பிரதி. பெரிதாக்கித் தருகிறோம் என்று வாங்கிய கடையில், கேட்காமலே மூலப் படத்தையே பலகையில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் படலத்தைச் சூடாக அழுத்திக் கொடுத்துவிட்டார்கள். முதல் இரண்டு வருஷம் பளபளப்பாகத்தான் இருந்தது. அப்புறம் பலகை ஈரத்தில் உப்பி, படலம் ஓரத்தில் எழும்ப ஆரம்பித்தது. எழும்பும்போது படத்தின் மேல்தோலையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. அப்பாவின் தொப்பி பாதி போய்விட்டது. அடியில் பச்சையாகப் பூஞ்சை. மேலே படலம், கீழே பலகை, எந்தப் பக்கமும் திறக்க வழியில்லை.

நகலை லேமினேட் செய்யுங்கள், பாதகமில்லை. மூலப் படத்தைக் கொடுக்காதீர்கள். கடையில் கொடுக்கும்போது அட்டை உறையின் மேல் ‘இதில் ஒன்றும் ஒட்டக்கூடாது’ என்று எழுதியே கொடுங்கள்.

சாரல்மழை:

படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது அக்கா. கல்யாணப் படத்தை இருட்டறை ஐயா சொன்னபடி எடுத்துவிட்டேன். ஆச்சியின் மூக்குத்திக் கல் வரை தெரிகிறது.

இனி டிரங்குப் பெட்டிப் படங்கள். மூன்று படங்கள் 6×8 அளவு, நெட்டுவாக்கில். நாலாவது கெட்டியான அட்டையில் ஒட்டியது, கீழே ஸ்டுடியோ முத்திரை அழுத்தியிருக்கிறது. 10×12 பிரேம் கைவசம் உண்டு. ஜன்னல் எந்த அளவில் வெட்டவேண்டும்?

மரச்சட்டம்:

படத்தை விட ஜன்னல் ஒவ்வொரு பக்கமும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைவாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் படம் ஓட்டை வழியாக முன்னால் வந்துவிடும். 6×8-க்கு ஜன்னல் ஐந்தே முக்கால், ஏழே முக்கால். 10 அங்குல அகலத்தில் ஐந்தே முக்கால் போனால் நாலேகால். பக்கத்துக்கு 2 அங்குலம் 1 நூல். 12 அங்குல உயரத்தில் ஏழே முக்கால் போனாலும் அதே நாலேகால்தான். அதை மேலே 2, கீழே 2 அங்குலம் 2 நூல் என்று பிரியுங்கள். சரிசமமாக விட்டால் படம் கீழே வழுகுவதுபோல் கண்ணுக்குத் தெரியும்.

வெட்டுவது அட்டையின் பின்பக்கத்தில். பென்சிலால் கோடு போட்டு, நான்கு மூலையிலும் கோடுகள் ஒன்றையொன்று தாண்டிப் போகும்படி இழுங்கள். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பிளேடை 45 டிகிரி சாய்த்து ஒரே இழுப்பு. அடியில் ஒரு கழிவு அட்டை கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் புது பிளேடு. பிளேடில் மிச்சம் பிடித்தால் மூலையில் பிசிறு வரும், அதை மறைக்க முடியாது. முதல் இரண்டு அட்டை வீணாகத்தான் போகும், கணக்கில் சேர்த்து வாங்குங்கள். சாய்த்து வெட்ட வரவில்லையென்றால் நேராக வெட்டுங்கள், தப்பில்லை.

இருட்டறை:

அந்த நாலாவது படத்தை அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள். முத்திரையும் சேர்ந்ததுதான் படம். ஸ்டுடியோ பெயரும் ஊரும் இருந்தால் எந்தக் காலத்துப் படம் என்று பின்னால் கண்டுபிடிக்க அதுதான் ஆதாரம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடி நகலெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்குவதுதான் அங்கே ஆவணம். ஜன்னலை முத்திரை தெரிகிற அளவுக்குப் பெரிதாக வெட்டுங்கள். பழைய அட்டை நொறுங்கும் என்பதால் மூலைப் பை வேண்டாம், கீழேயும் பக்கங்களிலும் அட்டைப் பட்டைகள் வைத்து மடியில் ஏந்துவதுபோல் நிறுத்துங்கள்.

படத்தின் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், முன்பக்கம் எழும்பித் தெரியும். பெயர்களை அடி அட்டையின் பின்னால் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

சாரல்மழை:

அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்கள். கல்யாணப் படத்துக்கு வெள்ளிதோறும் சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டு, விளக்கேற்றுவோம். நகலை மாட்டிவிட்டு அசலைப் பெட்டியில் வைக்கச் சொன்னால், ‘அசலைப் பூட்டி வைத்துவிட்டு நகலைக் கும்பிடுவதா’ என்கிறார்கள்.

கொள்ளிடக்கரை:

எங்கள் வீட்டில் இதே பேச்சு நடந்தது. கடைசியில் பாட்டியே, ‘கண்ணாடிக்குத்தானே பொட்டு வைக்கிறோம்’ என்று சொல்லி ஒத்துக்கொண்டார்கள்.

காகிதக்காரி:

அம்மாவின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் நான் சீர்செய்யப் பார்த்த படங்களில் பாதிக்கு மேல் கீழ்விளிம்பில்தான் கெட்டிருக்கும். பொட்டை அழிக்க ஈரத்துணியால் துடைப்போம், தண்ணீர் கண்ணாடி வழியே இறங்கிப் பிரேமின் கீழ்ப்பள்ளத்தில் தேங்கி, படம் அதை உறிஞ்சிக்கொள்ளும். பூமாலையின் ஈரமும் அப்படித்தான். கற்பூரக் கரி வேறு. நாங்கள் வீட்டில் நகலைத்தான் மாட்டியிருக்கிறோம். அசலை வருஷத்துக்கு ஒரு தடவை, திதி அன்று வெளியே எடுத்து எல்லோருமாகப் பார்க்கிறோம். குழந்தைகள் ஒவ்வொருவரையும் யார் யார் என்று கேட்கிறார்கள். சுவரில் இருந்தபோது ஒருவரும் கேட்டதில்லை.

அசல்தான் மாட்டவேண்டும் என்றால், பொட்டும் பூவும் பிரேமின் மரத்துக்கு. கண்ணாடியைத் துடைக்கத் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், கண்ணாடி மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

நாவற்குழி (டொரொண்டோ):

பெட்டியில் வைப்பது பற்றி ஒன்று சொல்லவேணும். 95-இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா பிரேமை உடைத்து, அம்மம்மாவின் படத்தை மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சேலைக்குள் மடித்து எடுத்து வந்தவ. வழியில் மழை. வந்து சேர்ந்த பிறகும் அந்த உறையிலிருந்து எடுக்கப் பயந்து அப்படியே பல வருடம் வைத்திருந்தம். எடுத்துப் பார்த்தால் படம் உறையோடு ஒட்டிக்கிடந்தது. இங்கே பழைய படம் சீர்செய்கிற ஒருவரிடம் காட்டினோம். அந்த உறை பி.வி.சி. என்றும், அது போட்டோவுக்குக் கூடாது என்றும் சொன்னார். பாலியெஸ்டர் உறை, அல்லது அமிலமற்ற தாள் உறைதான் நல்லது. முகம் தப்பிவிட்டது, ஒரு கைதான் போயிற்று. அதைப் பிரேம் போட்டு, வெயில் படாத உள்சுவரில் மாட்டியிருக்கிறம்.

சாரல்மழை (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. மழை முழுக்க விடட்டும் என்று மாசி வரை காத்திருந்தேன். காற்றில் ஈரம் இருக்கும்போது மூடினால் அந்த ஈரமும் உள்ளே அடைபட்டுவிடும் என்று தோன்றியது.

கல்யாணப் படத்தின் அசலை இப்போதைக்குக் கண்ணாடியோடு படுக்கைவாட்டில் அட்டைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். உதிர்ந்த பின்னட்டையைப் படத்தோடு ஒட்டாத இடங்களில் மட்டும் எடுத்துவிட்டு, அமிலமற்ற தாள் விரித்திருக்கிறேன். காகிதக்காரி அக்கா அடுத்த மாதம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நகலை அச்செடுத்து, மை நன்றாகக் காய ஒரு நாள் முழுக்க வெளியே வைத்த பிறகே கண்ணாடிக்குள் போட்டேன். இல்லாவிட்டால் உள்பக்கம் பனி படிந்ததுபோல் மங்கிவிடும் என்று அச்சுக்கடைத் தம்பி எச்சரித்தான்.

ஜன்னல் வெட்டுவதில் மூன்று அட்டை போனது. நாலாவது நேராக வந்தது. மூன்று படங்களுக்கும் மூலைப் பைதான். பிரேமின் பின்னால் கீழ் இரண்டு மூலையிலும் ரப்பர் குமிழ் ஒட்டியிருக்கிறேன். படம் சுவரில் பதியாமல் ஒரு விரல் கனம் தள்ளி நிற்கிறது, பின்னால் காற்று போகிறது. ஓதம் ஏறிய சுவரை விட்டுவிட்டு, சமையலறைக்கும் பட்டாசாலைக்கும் நடுவே உள்ள சுவரில் மாட்டினேன்.

அட்டையின் பின்னால் பெயர் எழுத உட்கார்ந்தபோது ஒரு படத்தில் இடது ஓரம் நிற்கும் பையன் யாரென்று அம்மாவுக்கும் தெரியவில்லை. கடையத்தில் இருக்கும் பெரியத்தைக்குப் படத்தின் நகலை அனுப்பியிருக்கிறேன். அவன் இடத்தை மட்டும் காலியாக விட்டு மற்றவர்கள் பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டேன். அந்த ஒரு பிரேமை மட்டும் பின்பலகை ஆணி அடிக்காமல், சுவரில் மாட்டாமல் வைத்திருக்கிறேன்.

மரச்சட்டம்:

அடிக்கும்போது சுத்தியல் வேண்டாம் தங்கச்சி, அதிர்வில் மூலைப் பை கழன்றுவிடும். ஆணியைப் பக்கவாட்டில் வைத்து இடுக்கியால் மரத்துக்குள் அழுத்துங்கள். பையன் பெயர் தெரிந்ததும் அடித்தால் போதும், அவசரமில்லை.